குப்பை வண்டி வரும் நேரம்

— அந்த வீடியோவை நெட்லேர்ந்து தூக்கச் சொல்லும்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள.

— எது, மாடி ரூமுக்கு வந்திருக்கற டச்சுக்காரப் பொண்ணு எடுத்ததா?

— வேற எது? குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டு வருது, தெருவே பையைத் தூக்கிட்டு நிக்குது, நடுவுல நீ. பூப்போட்ட பைஜாமா, அந்த நீல வெள்ளை ரப்பர் செருப்பு. அவ குப்பைக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவிக்கிட்டு நிக்கறே.

— பாவம்டி வான்ருங். எல்லாத்தையும் ஒரே பையில கட்டி எடுத்துட்டு வந்துட்டா. வெந்த மிச்சம் பன்னிக்கு, வேகாத தோலெல்லாம் உரத்துக்குன்னு அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தா? வண்டிக்காரன் வாங்க மாட்டேன்னுட்டான். நான் பிரிச்சுப் போட்டேன். அது ஒரு குத்தமா?

— அதை உலகமே பாக்குதும்மா. தைவான்ல தைனான்ங்கற ஊர்ல ஒரு அம்மா என் குப்பையைப் பிரிச்சுக் குடுத்துட்டு, கையில கொய்யாப் பழத்தையும் திணிச்சாங்க, இந்த ஊரை விட்டுப் போகவே மனசில்லைன்னு அழறா.

— அழுதாளா? எங்கிட்ட சிரிச்சுக்கிட்டுதானே நின்னா.

— என் ஆபீஸ்ல எல்லாரும் எவ்வளவு அழகுங்கறாங்க. அவங்களுக்கு என்ன, அவங்க அம்மாவா நிக்கறாங்க? எனக்குத்தான் மானம் போகுது.

— அது உங்கம்மான்னு ஆபீஸ்ல சொன்னியா?

— அது எதுக்கு இப்போ? ஞாயித்துக்கிழமை நான் கட்டிக்கப்போற யென்லினோட அம்மா பொண்ணு கேட்டு வர்றாங்க. அவங்க கண்ணுல இது படக்கூடாது.

— அது கிடக்கட்டும். வீடியோவைத் தூக்கியாச்சு.

— நிஜமாவா?

— காலையில நம்ம கடைக்கு முள்ளங்கிப் பலகாரம் சாப்பிட வந்தா. தூக்கிடும்மான்னு கெஞ்சினேன். முகம் வாடிப்போச்சு அவளுக்கு. ஏதோ பெரிய தப்புப் பண்ணின மாதிரி மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்தா. உன் மேல தப்பில்ல, இது எங்க வீட்டு விஷயம்னேன்.

— அப்பாடா. உனக்கும் வெக்கமாத்தானே இருந்திச்சு?

— வெக்கம்தான். செருப்புக்காக இல்ல.

— பின்ன?

— நீ கடைசி வரைக்கும் பாத்தியா அதை?

— எதுக்குக் கேக்கறே?

— வண்டி வழியை மறிச்சதுல ஓரமா ஒரு ஸ்கூட்டர் நிக்குது. அந்தப் பொண்ணு அதுகிட்டப் போய், இந்த அம்மா யாரு, உங்களுக்குத் தெரியுமான்னு அரைகுறைச் சீனத்துல கேக்கறா. ஹெல்மெட்டும் முகமூடியுமா உக்காந்திருக்கறவ, தெரியாதுங்கறா. பின்னால உக்காந்திருந்தது யென்லினோட அம்மா, அவங்களை நீ எனக்குப் போட்டோவுல காட்டியிருக்கே.

— அம்மா.

— சொல்லு.

— அவங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டிருந்தேன். நீ குப்பையில கையை விட்டதைப் பாத்துட்டு அவங்க ச்சீன்னாங்க. அதே நேரம் அவ வந்து கேட்டா. வாயில வந்துடுச்சும்மா. முகமூடிக்குள்ள யாருக்குத் தெரியும்னு நெனச்சேன். அன்னிலேர்ந்து கண்ணாடியில என் முகத்தைப் பாக்கவே கூசுது.

— ஞாயித்துக்கிழமை வாசல்ல என்னைப் பாத்ததுமே அவங்களுக்குத் தெரிஞ்சு போயிடும். வீடியோவைத் தூக்கினதால என் மூஞ்சி மாறிடுமா?

— அவங்க வர்றதுக்கு முன்னால நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். அது எங்கம்மான்னு. அதுக்கப்புறம் அவங்க வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்.

— உன் இஷ்டம்.

— அப்பா பாத்தாரா அதை?

— கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்குப் படமெல்லாம் மங்கல்தான். காதுலதான் கேட்டார். திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்.

— அப்புறம்?

— தெரியாதுன்னு சொன்னாளே ஒரு பொண்ணு, அது யாரு, உனக்குத் தெரியுமான்னு எங்கிட்ட கேட்டார்.

— நீ என்ன சொன்னே?

— தெரியாதுன்னேன்.