யாழ்ப்பாணத்து மருமகளின் ஸ்கூட்டி

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து தலவாக்கலை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் பஸ்ஸுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"யாழ்ப்பாணத்து ஆளுங்க ரொம்பக் கட்டுப்பாடுன்னுதானே மகனுக்கு அங்க பொண்ணு எடுத்தேன். அது ஸ்கூட்டியோட வந்து எறங்குது!"

"அங்க எல்லாப் பொம்பளைங்களும் ஓட்டுறாங்களாம் அக்கா."

"நம்ம தேயிலைத் தோட்டத்துல ஒருத்தியும் ஓட்டுறதில்லையே."

"நாம அவங்கள மாதிரி இல்ல, பொம்பளைங்களுக்குச் சுதந்திரம் குடுக்குறோம்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"ஆமா, குடுக்குறோம்தான்."

"அப்ப மருமக ஸ்கூட்டியிலதான் வேலைக்குப் போகுதா?"

"எங்க போறது? சாவிய நான் எடுத்து வச்சிட்டேனே."

"அப்ப யாரு அக்கா கட்டுப்பாடு?"

அவர் கைப்பையைத் திறந்து ஸ்கூட்டிச் சாவியை எடுத்தார். கொட்டகலை தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதான் எனக்கும் வெளங்கல."