கதவைத் திறக்காதே என்ற வரி

சுத்தமாக வேலை செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும், மேடம். செல்வலட்சுமி அப்படிப்பட்டவள். மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து ராஜபாளையத்துக்கு வருவாள். மதியம் சாப்பிட்டதும் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த பிறகுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். கோட் எழுதுவதும் அப்படித்தான்.

எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டீர்கள். ஸ்பின்னிங் மில் மெஷின்களுக்குள் சிறிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். அதை இயக்கும் மென்பொருளின் அடிப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். மெஷின் எப்போது நிற்க வேண்டும், கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. பதினோரு வருஷமாக அதைப் பார்த்துக்கொள்பவன் நான். தவசிமுத்து இல்லாமல் ஒன்றும் ஓடாது என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். என் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு. அப்பாவை எரித்த அன்று சுடுகாட்டு வாசலில் நின்று ஒரு மில்லுக்குப் போனில் பதில் சொன்னேன். ராஜினாமாக் கடிதம் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் நானே கிழித்தேன். வெளியே போனால் நான் யார்?

கதவைத் திறப்பதற்கான அதே நாற்பது வரிகளை மூன்று வகை மெஷின்களுக்காக மூன்று இடத்தில் நகலெடுத்து வைத்திருந்தேன். அவள் அவற்றை ஒரே இடத்தில் எழுதி, மூன்று மெஷின்களும் அதையே பயன்படுத்தும்படி மாற்றினாள். சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பது என் வேலை. கொடுத்தேன். அதில் இருந்த பிழையை நான் கவனிக்கவில்லை என்று கம்பெனி விசாரணையில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

கவனித்தேன், மேடம். கார்டிங் மெஷினுக்கான நகலில் மட்டும் ஒரு வரி அதிகம். பஞ்சைச் சீவும் அந்த மெஷினுக்குள் கம்பிப்பற்கள் பதித்த பெரிய உருளை இருக்கிறது. கரண்டை நிறுத்தினாலும் சில நிமிஷம் தன் கனத்திலேயே சுற்றும். அது முழுக்க நிற்கும்வரை கதவைத் திறக்காதே என்பதுதான் அந்த வரி. ஒன்பது வருஷத்துக்கு முன் நான் போட்டது. எதற்கென்று பக்கத்தில் குறிப்பு எழுதவில்லை. எழுதிவிட்டால் யாரும் என்னிடம் வந்து கேட்க மாட்டார்களே.

அவள் கேட்டாள். அதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தில் கேட்கவில்லை. டீக்கடையில் நிற்கும்போது கேட்டாள்.

"முத்துண்ணே, கார்டிங்ல மட்டும் ஒரு வரி கூட இருக்கே. அது வேணுமா?"

நான் பஜ்ஜியைக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டிருந்தேன். இவள் எல்லாவற்றையும் படித்துவிட்டாள், இன்னும் ஆறு மாசத்தில் என்னிடம் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது என்று தோன்றியது.

"அது பழைய மாடலுக்குப் போட்டதும்மா. எடுத்துரு."

"நெசமாவா? சோதிச்சுப் பாக்க நம்மகிட்ட கார்டிங் மெஷின் இல்லையேண்ணே."

"நாந்தான் சொல்லுதேன்லா."

"நீங்க சொன்னாச் சரிதான்," என்று சிரித்தாள்.

கதவு சீக்கிரம் திறக்கிறது என்று ஏதாவது ஒரு மில்லிலிருந்து புகார் வரும், அவள் திணறுவாள், நான் போய்ச் சரிசெய்வேன் என்று நினைத்தேன். மாற்றிய மென்பொருள் மில்களுக்குப் போனதும் பதினேழு நாள் காத்திருந்தேன். யாரும் புகார் சொல்லவில்லை. சீக்கிரம் திறந்தது அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கிறது.

பதினெட்டாம் நாள், காலை ஷிப்டில், ஒரு மில் தொழிலாளி, ஆலங்குளத்துச் சங்கிலிப்பாண்டி, பஞ்சு அடைத்துக்கொண்டதென்று மெஷினை நிறுத்தி, கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டார். வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

"கதவு தொறந்துச்சு சார். அதான் நின்னுருச்சுன்னு நெனச்சிட்டேன். என் தப்புதான்," என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

டீக்கடைப் பேச்சைச் செல்வலட்சுமி விசாரணையில் சொன்னாள். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றேன். அவள் அழவில்லை. "ஒங்க வாயால ஒரு தடவ சொல்லுங்கண்ணே," என்று மட்டும் கேட்டாள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் முதலாளி எனக்குத் தனி அறை கொடுத்தார். இனிமேல் எல்லாமே நீங்கள்தான் என்றார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். நேற்று அவள் பெயரில் வழக்குப் பதிந்தீர்கள் என்று கேள்விப்பட்டதும் எழுந்து இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். அவளை விட்டுவிடுங்கள். தெரிந்தே செய்தவன் நான்.

இப்படிக் குறிப்பில்லாமல் நான் போட்ட வரிகள் இன்னும் ஏழு உண்டு. பதினான்கு மில்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்தெந்த மெஷின், எந்தெந்த வரி என்று எழுதித் தரச் சொல்லிக் காகிதத்தை நீட்டுகிறீர்கள். அதெல்லாம் எழுதிவைக்கிற விஷயம் இல்லை, மேடம். தேவைப்படும்போது என்னைக் கூப்பிடுங்கள், வந்து சொல்கிறேன்.