நீலக் கூண்டுக் குட்டிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத்தலைவர் அவர்களே, பேராசிரியரின் கணவர் அவர்களே, அவருடைய மகளே, கூண்டு கழுவிய ஈரக்கையோடு ஓடி வந்திருக்கும் என் விலங்குக்கூடத் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கால்நடை மருத்துவனின் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வலப்பக்க முன்வரிசையை நான் பார்க்க மாட்டேன். எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். கிழவனுக்குத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். காரணத்தை முடிக்கும்போது சொல்கிறேன்.

யாரை இழந்து நிற்கிறோம் நாம்? பத்திரிகையில் போட்டிருந்தார்கள், 'மூத்த ஆராய்ச்சியாளர் மறைவு' என்று. மூத்த ஆராய்ச்சியாளராம்! எங்களுக்கு அவர் 'எலியம்மா'. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அது அவருக்கும் தெரியும். தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டால், "எலியம்மா பேசறேன், சண்டைக்கு ரெடியா டாக்டர்?" என்றுதான் ஆரம்பிப்பார். எலிகளுக்கு வாசனை ஆகாது என்பதற்காக வாழ்நாள் முழுக்கப் பவுடர்கூடப் பூசாதவர். திருமண நாளுக்கு வாங்கிக் கொடுத்த சென்ட் பாட்டில் இன்னும் பிரிக்காமலே அலமாரியில் இருக்கிறது என்று அவருடைய கணவர் நேற்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார்.

அவர் செய்த வேலைதான் என்ன? கர்ப்பமான எலிக்குச் செத்த கிருமியின் துணுக்கை ஊசியில் ஏற்றுவார். கிருமி வந்துவிட்டது என்று எண்ணி அதன் உடம்பு கொதிக்கும், நடுங்கும். அதைத்தான் அழற்சி என்கிறோம். தாய் சில நாளில் தேறிவிடும். ஆனால் வயிற்றில் இருந்த குட்டி? அது வளர்ந்து பருவத்துக்கு வரும்போது, இனப்பெருக்க ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளை மந்தமாக இருக்கும். எங்கள் கூண்டுகளில் அப்படித்தான் கண்டோம். தாய்க்கு வந்து போன காய்ச்சலைக் குட்டியின் உடம்பு மறக்கவில்லை.

இதைக் கேள்விப்பட்டு ஒரு சுகாதாரத் துறை அதிகாரி சுவரொட்டி வாசகத்தோடு வந்தார். 'தாயே, உன் காய்ச்சல் உன் பிள்ளையின் வாழ்வைக் கெடுக்கும்!' பேராசிரியர் படித்தார். "இதை நீங்க ஒட்டுங்க. பின்னாடியே வந்து நான் கிழிக்கிறேன்" என்றார். வந்தவர் காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஏன் அத்தனை கோபம்? அதற்கு முந்தைய வாரம் ஒரு மருத்துவமனைக் கூடத்தில் பேராசிரியர் பேசினார். நானும் போயிருந்தேன். பேசி முடித்ததும் ஒரு தையல்காரப் பெண் எழுந்தார். அந்தச் சகோதரி இன்று நம்மோடு இருக்கிறார். அவர் சம்மதித்துத்தான் இதைச் சொல்கிறேன்.

"என் பையனோட படிக்கிறவங்களுக்கெல்லாம் குரல் உடைஞ்சு மீசை வந்துடுச்சு. இவனுக்கு இன்னும் இல்ல. ஹார்மோன் கம்மின்னு சொல்றாங்க. இவன் வயித்துல இருந்தப்ப எனக்கு ஈறு வீங்கி ஒரே காய்ச்சல். பிள்ளைத்தாச்சி மாத்திரை போடக் கூடாதுன்னு வீட்டுல தடுத்துட்டாங்க. நான்தான் என் பிள்ளையைக் கெடுத்துட்டேனாம்மா?"

பேராசிரியர் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு இறங்கிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. அது ஒரு குத்தமா? என் எலியை வெச்சு உங்க பையனுக்குக் காரணம் சொல்ல முடியாதும்மா. அவனுக்கு வைத்தியம் இருக்கு, தைரியமா இருங்க."

அந்தச் சகோதரி விடவில்லை. "அன்னிக்கே எனக்கு வைத்தியம் பார்த்திருந்தா இவன் நல்லா இருந்திருப்பானா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சதும் நானே உங்க வீட்டுக்கு வந்து சொல்றேன்."

தெரியாது! எத்தனை பேராசிரியர்களுக்கு இந்த வார்த்தை வாயில் வரும்? திரும்பி வரும் வழியில்தான் எங்களுக்கு உறைத்தது. தாயை நோயில் தள்ளினோம், குட்டியை அளந்தோம். நடுவில் தாய்க்கு வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

அப்போதுதான் எங்கள் பயில்வான் ஒரு காரியம் செய்தார். அவர் என் விலங்குக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவர். ஆள்தான் பயில்வான், மனசு வெண்ணெய். ஊசி போட்ட தாய் எலிகள் நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், யாரிடமும் சொல்லாமல் காகிதத் துருவலை மெத்தை மாதிரி பரப்பி, தீனியை ஊறவைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த முறை பிறந்த குட்டிகளின் அளவுகள் முந்தைய அளவுகள் எதோடும் ஒட்டவில்லை. மொத்த வேலையும் பாழ். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். "யாருய்யா உன்னைக் கேட்டது?" அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பாவமா இருந்துச்சு சார்" என்றார்.

பேராசிரியர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கத்தாதீங்க டாக்டர். இவர் தப்பாப் பண்ணினதை நாம முறையாப் பண்ணிப் பார்ப்போம். நோய்ப்பட்ட தாய் எலிங்கள்ல பாதிக்கு உடனே மருந்து, மீதிக்கு வெறும் உப்புத்தண்ணி."

பிறகு ஒரு நிபந்தனை போட்டார். ஒரு பிரிவின் கூண்டுகளில் நீல அட்டை, இன்னொன்றில் மஞ்சள் அட்டை. எந்த நிறத்துக்கு மருந்து என்பது எனக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். அவருக்கும் அவருடைய மாணவிக்கும் தெரியவே கூடாது. "தெரிஞ்சா நான் ஆசைப்படுற பக்கம் என் கண்ணு சாஞ்சுடும்" என்றார்.

குட்டிகள் பருவத்துக்கு வரும் நேரத்தில் அவர் படுக்கையில் விழுந்தார். கடைசியாகப் போய்ப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீலக் கூண்டுப் பசங்க பருவத்துக்கு வர்றதுல முந்திட்டாங்க டாக்டர். மஞ்சள்தான் இழுத்துக்கிட்டு நிக்குது."

நண்பர்களே, எந்த நிறம் முந்தியது என்று அவருக்குத் தெரியும், எந்த நிறத்துக்கு மருந்து என்று எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்தால் அந்தச் சகோதரியின் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த அறையிலேயே இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்புங்க!" என்று அதட்டினார். அந்த நிலையிலும் அதட்டினார்! "உங்க மூஞ்சிக்கு எதையும் மறைக்கத் தெரியாது. ரத்தத்துல ஹார்மோன் அளவைப் பார்க்காம எனக்கு ஒண்ணும் வேண்டாம்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே யாரோ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் மறைத்தது.

வராந்தாவில் அவருடைய கணவர் என்னை நிறுத்தினார். "அவ காதுல மட்டும் சொல்லிடுங்களேன் சார்." ஐயா, நான் சொல்லவில்லை. என்மேல் உங்களுக்கு வருத்தம் இருந்தால் அது நியாயம்தான். எனக்கும் வலிக்கிறது. ஆனால் அவர் வேண்டாம் என்றதை அவர் காதில் போட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன். ரத்த மாதிரிகள் உறைபெட்டியில் காத்திருக்கின்றன. அடுத்த வாரம் அவற்றை அளக்கப்போகும் மாணவி இந்த வலப்பக்க முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா, உன் பேராசிரியர் எனக்கு இட்ட கடைசி உத்தரவு இது. நீ அளந்து முடிக்கும்வரை என் முகம் உனக்குக் கிடையாது!

பின்வரிசையில் இருக்கும் சகோதரியே! உங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னவர் இனி வரமாட்டார். நாங்கள் வருவோம். மாணவி வருவாள், பயில்வான் வருவார், நான் வருவேன். பதில் எதுவானாலும் குறைக்காமல், கூட்டாமல் சொல்லுவோம். அது எலிகளின் பதில் என்பதையும் சேர்த்தே சொல்லுவோம். எந்தத் தாயின் தலையிலும் பழியைப் போட அதை யாரும் எடுத்துக்கொள்ள விடமாட்டோம். நோய்ப்பட்ட தாய்க்கு ஏன் வைத்தியம் பார்க்கவில்லை என்று ஊரைத்தான் கேட்போம். இது பேராசிரியர் அம்மையாரின் படத்துக்கு முன்னால் நாங்கள் கொடுக்கும் வாக்கு.

முடிவு வந்த அன்று இந்தப் படத்துக்கு நேரே வந்து நிற்பேன், எலியம்மா. நீலம் எது, மஞ்சள் எது என்று உங்களிடம் சொல்லுவேன். அன்றைக்காவது என் மூஞ்சியைத் திருப்பச் சொல்லாதீர்கள்.