இடப்பக்கச் சுவர்

நாடகம் எழுதினால் கைதட்டுவார்கள். துப்பறியும் நாவல் எழுதினால் பேருந்தில் யாராவது அடையாளம் கண்டு சிரிப்பார்கள். ரயில் பாதையின் வரலாறு எழுதினால் திருத்துவார்கள். மூன்றையும் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்.

என் நாவல் ஒன்றில் செத்துப்போன சமையல்காரி எட்டாம் அத்தியாயத்தில் வந்து கதவைத் திறப்பாள். ஒருவர்கூடக் கேட்டதில்லை. எங்கள் ஊர் நாடகக் குழு என் நாடகத்தின் கடைசிக் காட்சியையே மறந்துவிட்டுத் திரையை இறக்கியது. நல்ல முடிவு என்று பாராட்டினார்கள். ஆனால் ஹாதர்பெக் கிளைப்பாதை பற்றிய புத்தகத்தில் ஒரு படத்தின் கீழே எஞ்சின் எண் ஓர் இலக்கம் மாறிவிட்டது. வெளியீட்டு விழாவில், சர்ச் மண்டபம் நிறைய ஆட்கள் இருக்க, செல்வின் த்வெய்ட் எழுந்து நின்றார்.

மருந்துக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் போலவே வார இறுதி நீராவி ரயிலில் சம்பளமில்லாத் தொண்டர்.

"புத்தகம் பிரமாதம், லயனல். ஒரே ஒரு சின்ன விஷயம்."

"ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். செல்வினின் மனைவி பிரெண்டா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க. மனுஷன் பத்து வருஷமா எழுதியிருக்காரு."

"அதனாலதான் சொல்றேன். பத்து வருஷம் எழுதுனவரு ஒரு நடை போய்ப் பாத்திருக்கலாமில்ல?"

பதிப்பாளர் திருத்தச் சீட்டு அச்சடித்தார். அதை ஒவ்வொரு பிரதியிலும் செருகும் வேலை என் தலையில் விழுந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து என் தவறை என் கையாலேயே செருகிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பதிப்பிலும் அதே கதை. அந்த முறை ஒரு பாலத்தின் உயரம். எரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை. எனக்கு எழுபத்து நான்கு வயது. சீட்டு வைக்காத ஒரு பதிப்பைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது பேராசையா, சொல்லுங்கள்.

மூன்றாம் பதிப்பு வந்த வாரமே, செல்வின் புத்தகமும் கையுமாக நிலைய அறைக்கு வந்துவிட்டார்.

"சுரங்கப்பாதை நடுவுல, இடப்பக்கச் சுவர்ல, கட்டுன வருஷம் வெட்டுன கல்லு இருக்குன்னு போட்டிருக்கீங்க. சரி. ஆனா 1871ன்னு போட்டிருக்கீங்களே? எழுபத்து மூணுதானே?"

"அப்படியா?"

"போய்ப் பாத்தீங்களா?"

"நீங்களே போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்களேன். செவ்வாய்க்கிழமை பயணிகள் ரயில் கிடையாது."

"இப்பத்தான் வழிக்கு வந்திருக்கீங்க" என்று என் தோளைத் தட்டினார்.

பாதையில் இறங்க அனுமதி தருவது என் பொறுப்பு. தந்தேன். குளிர்காலச் செவ்வாயில் பயணிகள் ரயில் இல்லை என்பதும் உண்மைதான். பழுதுபார்த்த எஞ்சினை ஓட்டிப்பார்க்க அந்தச் செவ்வாயைக் குறித்திருந்தோம். அது மறந்துவிட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். வயதானவர், பாவம் என்று நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நாள் குறித்தவனே நான்தான். இன்னொன்று, எஞ்சின் கிழக்கு வாய் வழியாக நுழைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மேற்கு வாய்.

ஓட்டுநர் கேரத் இன்னும் சாப்பிடவில்லையாம். "விசில் குடுத்தேன் லயனல், குடுத்தேனே" என்று அழுதான். உன்மேல் எந்தத் தவறும் இல்லை என்று சொன்னேன். அதுவும் உண்மை.

அந்தச் சுரங்கத்தில், ரயில் வந்தால் ஆள் ஒதுங்கி நிற்பதற்குச் சுவரைக் குடைந்து மாடங்கள் வைத்திருக்கிறார்கள். வலப்பக்கச் சுவரில் மட்டும்தான். அவை கரி படிந்த சுவரோடு சுவராகக் கிடக்கும். கையில் விளக்கு இருந்தாலும் சட்டென்று தெரியாது. என் முதல் இரண்டு பதிப்புகளில் வலப்பக்கம் என்று சரியாகவே இருக்கிறது. மூன்றாவதில் இடப்பக்கம் என்று இருக்கும். அச்சகத்தாரைப் போய்க் கேட்காதீர்கள். மாற்றியவன் நான். கல்லின் வருடத்தையும் நான்தான் மாற்றினேன். வருடத்தை அவர் பிடித்துவிடுவார், பார்க்கப் போவார் என்று தெரியும். மாடங்களைப் பற்றிய வரியையும் பிடித்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், நான் மறுபடி சீட்டுச் செருகுவேன். அவருக்கும் ஒரு வாய்ப்பு வைத்திருந்தேன். அவசரப்பட்டுச் செய்த காரியம் இல்லை.

இரங்கல் சொல்லப் போனபோது பிரெண்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கல்லைத் தவிர இந்தப் பதிப்புல ஒரு தப்புகூட இல்லன்னு பாக்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருந்தாரு. உங்ககிட்ட சொன்னாரா?" என்று கேட்டாள். சொன்னார் என்றேன். அவளுக்கு ஓர் ஆறுதலாக இருக்கட்டுமே.

உடல் இடப்பக்கச் சுவரோரம் கிடந்தது என்று உங்கள் ஆள் சொன்னார். இரண்டு உள்ளங்கைகளிலும் கரியாம். சுவரைத் தடவித் தடவித் தேடியிருக்கிறார். மாடம் எதிர்ச் சுவரில், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

அதைக் கேட்டதும்தான் உங்களைக் கூப்பிட்டனுப்பினேன், இன்ஸ்பெக்டர். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக செல்வின் நான் எழுதியதை அப்படியே நம்பியிருக்கிறார்.