சட்டைக்கு மேலே பொன்னாடை

கொட்டியாரக் குடாவின் காற்றும் காதுகொடுத்துக் கேட்கும் இந்த அவைக்குத் தலைமை தாங்கும் ஸெய்னுதீன் ஹாஜியார் அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! மதிலேறிக் குந்தியிருக்கும் தம்பிமாரே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும், என் வணக்கம்.

நான் மஹ்ரூப். மூதூர்ச் சந்தையில் கருவாடு விற்றுக் கடை கண்டவன். கோபம் வந்தால் எனக்கும் தமிழ் வரும்! கைதட்டாதீர்கள், கோபம் உங்கள் மீதும்தான்.

படம் பார்த்தீர்கள். வெள்ளைக்காரர் காலத்துக் கதை. துறைமுகத்துத் துரை வீட்டில், உடம்பில் கோட்டும் காலில் சப்பாத்துமாய் வளர்கிறான் ஒரு வேட இளைஞன். நடித்தவன் நம் கடலோர வேடர் குலத்துத் துவாரகன். எப்படி முடிந்தது படம்? கோட்டைக் கழற்றி எறிந்தான், சப்பாத்தைக் கழற்றி எறிந்தான், காட்டுக்குள் ஓடினான், ஓடியே மறைந்தான்! நீங்கள் விசிலடித்தீர்கள்.

அந்தப் படப்பிடிப்புக்கு வள்ளம் கொடுத்தவன் நான். கரையில் நின்று என் காதால் கேட்டேன். துவாரகன் இயக்குநரிடம் சொன்னான்: “சேர், நாங்க கடலுக்குப் போற ஆக்கள். எங்கட வள்ளம் இந்தா நிக்குது. நான் ஏன் காட்டுக்க ஓடணும்? கோட்டோடயே வள்ளத்தில ஏறுறன். விடியக் கடல் குளிரும்தானே?”

இயக்குநர் சிரித்தார். “தம்பி, வேடன் காட்டுக்குத்தான் போவான். அப்பதான் சனம் அழும்!”

அவன் வீட்டுக்கு அவனுக்கே வழி சொல்ல இவர் யார்? மலிவான கட்டாக் கருவாட்டை விலைகூடிய அறக்குளா என்று நான் விற்றால் சும்மா விடுவீர்களா? அங்கே ஒருவர், “போன மாசம் வித்தீங்கதானே, மஹ்ரூப் நானா!” என்கிறார். நாளைக்குக் கடைக்கு வாங்க தம்பி, கதைப்பம்! மீனுக்குப் பெயர் மாறினால் சண்டைக்கு வருகிறீர்கள். மனிதனையே மாற்றினால் விசிலா?

வெளியூர்க்கார இயக்குநரை விடுங்கள். நாம் என்ன செய்தோம்? இன்று பின்னேரம் இந்தப் பாராட்டு விழாவுக்குத் துவாரகன் வந்தான், மனைவி கீர்த்தனி தைத்துக் கொடுத்த நீலச் சட்டையோடு. நம் விழாக்குழு வாசலிலேயே மறித்தது. “படத்தில வந்த மாதிரி இலையக் கட்டிக்கிட்டு, வில்லோட மேடைக்கு வாங்க. அப்பதான் சனத்துக்கு ஆளைத் தெரியும்.”

அவன் கேட்டான்: “இவ்வளவு காலமும் என்னட்ட மீன் வாங்கக்குள்ள எப்படித் தெரிஞ்சது?”

இலையைத்தான் நீட்டினார்கள். உட்காரக் கதிரை தரவில்லை! அதோ, ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்கிறான்.

துரை கோட்டை மாட்டிவிட்டான். இயக்குநர் கழற்றினார். நாம் இலையை நீட்டுகிறோம். அவன் எதை உடுக்க வேண்டும் என்பது அவனைத் தவிர ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது! வெட்கமில்லையா நமக்கு? அவன் சட்டையும் போடுவான், சடங்கும் செய்வான். ஆங்கிலமும் படிப்பான், தன் குலதெய்வத்தையும் கூப்பிடுவான். ஒன்று வேண்டுமென்றால் மற்றதை எறி என்று சொல்ல நாம் யார்? தலையில் தொப்பியோடு கொழும்பு முதலாளியிடம் நான் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறேன். என்னைக் காட்டுக்கு ஓடச் சொன்னீர்களா?

பொன்னாடை போர்த்தும் பொறுப்பை எனக்குத் தந்தீர்கள். நன்றி. ஆனால் உரித்துவிட்ட உடம்புக்கு நான் போர்த்த மாட்டேன்! தலைவர் அவர்களே, கோபமா? என்ன... “கூப்பிடுங்க” என்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் பக்கத்துக் கதிரையைக் காலியாக்குங்கள்.

துவாரகன்! வாங்க தம்பி, சட்டையோடயே வாங்க! தாய்மாரே, வழி விடுங்கள்.

இதோ, நீலச் சட்டைக்கு மேலே போர்த்திவிட்டேன். இப்போது தட்டுங்கள் கையை!

ஏச்சையும் பொறுத்துக் கேட்டீர்கள். உங்களுக்கு என் ஸலாம், என் வணக்கம். இந்த மைக்கை அவன் கையில் கொடுக்கிறேன். அவன் கேட்ட முடிவில், கோட்டோடு வள்ளத்தில் ஏறியவன் எங்கே போனான் என்று இனி அவனே சொல்லட்டும்.