இடப்பக்கம் நின்றவர்

கோல்ஃப் ஆட்டத்தின் முதல் அடிக்குரிய மட்டையை டிரைவர் என்போம். அதை வாங்க வருவோர் பலரும் தூரத்துக்கு ஆசைப்பட்டு ஏமாறுகிறார்கள். தம் ஆட்டத்துக்கு எது வேண்டும் என்று தெளிந்து வாங்குவோர் அரியர். நான் தெளிந்தே வாங்கினேன், விசாரிக்க வந்த துணை ஷெரிஃப் அவர்களே.

இளமை தொட்டு என் பந்து வலப்பக்கமே வளைந்து போகும். அயோவாவில் எங்கள் ஊர் முழுதும் அறிந்த செய்தி அது. என்னோடு ஆடும் மெர்ல் ஹேவர்காம்ப் அதைத் தேவாலயப் படியிலும் சொல்வார். என் மகளின் திருமண விருந்திலும் எழுந்து சொன்னார். எனக்கு அவர்மீது சினம் இல்லை. பாடகர் குழுவில் தோளோடு தோள் நின்று துதி பாடியவர்கள் நாங்கள்.

மூட்டு நோயால் அவர், முதல் அடி அடிக்கும் திட்டுகளில் முதியோருக்கான முன்திட்டிலிருந்து ஆடுவார். அது எங்கள் திட்டுக்குச் சற்று முன்னே, இடப்பக்கம். பிறர் அடிக்கும்போது பின்னே காத்திருப்பவர், என் முறை வந்தால் மட்டும் முன்னே போய் நிற்பார்.

"டெல்பர்ட் அடிக்கிறப்ப உலகத்துலயே பத்திரமான இடம் இதான்யா," என்பார். உடன் ஆடும் லைல் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

ஆகவே அடுத்த மாவட்டத்துக் கடைக்குச் சென்றேன். கடைப்பெண் என் வீச்சை அளந்து பார்த்தாள்.

"இது பந்தை வலது பக்கம் ஓட விடாது சார். எவ்வளவு தூரம் போகணும்?"

"தூரம் வேண்டாம்மா. நேரா போனா போதும்."

அவ்வூர்ப் பயிற்சித் திடலில் கிடந்த பழைய பீப்பாய் ஒன்றைக் குறிவைத்துப் பொறுமையுடன் பழகினேன்.

பிறகு எங்கள் ஊர்த் திடலில் அன்று நான் அடித்த முதற்பந்து, பழைய வழக்கப்படி, வலப்புறத்து உழுத வயலில் போய் விழுந்தது. அத்துடன் விட்டிருப்பேன். ஆனால் நண்பர்கள் ஆட்டத்தில், முதல் அடி பிழைத்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் இன்னொன்று அடிக்க விடுவது எங்கள் மரபு. பிறர்தாம் அதை அளிக்க வேண்டும். தானே கேட்பது நாகரிகமன்று. நான் கேட்கவில்லை.

மெர்ல்தான் கையசைத்துக் கூவினார்: "யோவ், புது மட்டைக்கும் உன் வியாதி தொத்திக்கிச்சா? போனாப் போகுது, இன்னொண்ணு அடிய்யா. நான் இங்கயேதான் நிக்கிறேன்."

அடித்தேன். பந்து வருகிறது என்று குரல் கொடுப்பதும் எங்கள் மரபே. அவர் விழுந்தபின் கொடுத்தேன்.

"பாவம் சார், பந்து கைமீறிப் போயிடுச்சு. விபத்துன்னு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க," என்று பரிவோடு சொல்கிறீர்கள். லைலும் அவ்வாறே சாட்சி சொல்லியிருக்கிறாராம். இருவருக்கும் நன்றி. ஆனால் நான் கையெழுத்திட இயலாது. பந்து கைமீறவில்லை. தொப்பி விளிம்புக்குக் கீழே, நெற்றியைக் குறிவைத்தேன், அங்கேயே பட்டது. அதைத் தவறிய அடி என்று எழுதி என்னை மறுபடி ஊர் சிரிக்க வைக்காதீர்கள்.

மெர்ல் நேர்மையாளர். உயிரோடிருந்தால், அந்த அடிக்கு முதலில் கைதட்டுபவர் அவராகவே இருப்பார்.