அடித்தட்டுப் பை

டீ வேணாங்க சார், சூடு எனக்கு ஒத்துக்காது. வருசக்கணக்கா ரத்த வங்கி ஃபிரிட்ஜ் பக்கத்துலயே உக்காந்தவன். அரியலூர்ல கரண்டு போனா ஊரே விசிறியைத் தேடும், நான் மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் வாங்க ஓடுவேன். ஒரு பை ரத்தம் கெட்டுப்போனாக்கூட எனக்குச் சோறு இறங்காது. ஒரு மனுசன் குடுத்ததாச்சே.

எங்க ஆஸ்பத்திரியில ஒரு வழக்கம். நோயாளிக்கு ஒரு பை ஏத்துனா, சொந்தக்காரங்க ஒரு பை குடுத்து ஈடு கட்டணும். பொம்பளைங்க யோசிக்காம கைய நீட்டுவாங்க. பாதிப் பேருக்கு உடம்புல ரத்தமே இருக்காது, அது வேற விசயம். இந்த ஆம்பளைங்க இருக்கானுங்களே, ஊசியைப் பாத்ததும் கொடலையே கேட்ட மாதிரி முழிப்பானுங்க. "டீ குடிச்சிட்டு வந்துடறோம் சார்"னு போவானுங்க, அடுத்த பஸ்ல ஏறிடுவானுங்க. பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரியும்.

2003 கார்த்திகையில கிட்டு கம்பெனியிலேருந்து போன் வந்துச்சு. ரத்தத்துல கிருமி இருக்கான்னு பாக்குற கிட்டு, அந்த பேட்ச் சரியில்லையாம். அதுல சோதிச்ச பையெல்லாம் திருப்பி எடுத்து அழிக்கணும். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி என்கிட்டதான் சொன்னாரு, "காசிநாதா, ஒண்ணு விடாம எடுத்துடுப்பா"ன்னு. வார்டுக்குப் போன பையைக்கூட, ஏத்துறதுக்கு முன்னாடி ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன். அழிக்கிறதுக்கு முன்ன எல்லாத்தையும் புதுக் கிட்டுல சோதிச்சும் பாத்தேன். வேலைன்னா நான் அப்படிங்க. ஒரே ஒரு பை மட்டும் எச்.ஐ.வி.ன்னு காட்டுச்சு. மத்ததை அழிச்சேன். அதை அடித்தட்டுல வச்சேன். ஏன்னு அப்பக் கேட்டிருந்தா எனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது.

அந்த வாரமே ஆண்டிமடத்துலேருந்து சிந்தாமணியைக் கொண்டாந்தாங்க. தலைப்பிரசவம், ரத்தம் நிக்கல. கூட புருசன் செல்லதுரை, அவன் தம்பிங்க. எல்லாம் முந்திரிக்காட்டுல கோடாலி புடிக்கிற கை. ஈடு குடுக்கணும்னதும் டீ குடிக்கப் போனானுங்க. சிந்தாமணியோட அக்கா மலர்க்கொடி மட்டும் நின்னுச்சு. "என்கிட்ட எடுத்துக்குங்கண்ணே"ன்னுச்சு. கண்ணு இமையைத் தள்ளிப் பாத்தா வெளுத்துக் கெடக்கு. உன்கிட்ட எடுக்கக் கூடாதும்மா, ஒடம்புக்கு ஆகாதுன்னு உக்கார வச்சேன். ரூல்னா ரூல்தானுங்க.

வெளிய பஸ் கெளம்புற சத்தம். செல்லதுரை தொத்திக்கிட்டு ஏறுறதை ஜன்னல் வழியாப் பாத்தேன்.

மேல்தட்டுல அந்தப் பொண்ணு குரூப்புல நல்ல பை இருந்துச்சு. அது ஈடு குடுத்தவன் வூட்டு ஆளுக்குன்னு நான் வச்சிருந்தது. அடித்தட்டுல இருந்ததும் அதே குரூப்புதான். குனிஞ்சு அதை எடுத்தேன். நர்ஸ்கிட்டக் குடுக்கறப்ப மலர்க்கொடி கையெடுத்துக் கும்புட்டுச்சு, "உங்க புள்ளைகுட்டி நல்லா இருக்கணும்ண்ணே"ன்னு.

சிந்தாமணி பொழைச்சுக்கிச்சு. அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க. தாய்ப்பால் வழியா குழந்தைக்கும் அந்தக் கிருமி வந்துடுச்சுன்னு இந்த விசாரணையில நீங்க சொல்லித்தான் தெரியும். அது பாவம்தான். ஆனா கேக்க வேண்டியது செல்லதுரையைங்க. ஊசிக்குப் பயந்து, சாகக் கெடக்குற பொண்டாட்டியை விட்டுட்டு ஓடுறவன் மனுசனா?

நானாங்க? இல்லீங்க, ஒரு தடவைகூட ரத்தம் குடுத்ததில்ல. சின்ன வயசுலேருந்தே எனக்கு ஊசின்னா ஆகாது சார்.